கோச்: வண்டியா, வாத்தியாரா?

ரயில்வே பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு "எஸ்-4 கோச் எங்கே வரும்?" என்று கேட்டால் அது பெட்டி. மைதானத்து ஓரத்தில் கழுத்தில் விசிலோடு நிற்கிறாரே, அவரும் கோச். ஒலி மட்டும் ஒத்துப்போன இரண்டு சொற்கள் இல்லை இவை. ஒரே சொல்தான்.

ஹங்கேரியில், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் போகும் வழியில், கோச் என்றே ஒரு சிற்றூர் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்த் தச்சர்கள் செய்த இலகுவான குதிரை வண்டிக்கு ஐரோப்பாவில் நல்ல பெயர். 'கோச்சி ஸெகேர்' என்றார்கள். கோச் ஊர் வண்டி என்று பொருள். பத்தமடைப் பாய் என்கிற மாதிரிதான். ஆனால் இங்கே பாய் உதிர்ந்து ஊர்ப்பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஜெர்மன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்தது. இலங்கைத் தமிழில் ரயிலையே 'கோச்சி' என்பார்கள். வண்டி என்ற பழைய பொருள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

வண்டி மனிதரானது ஆக்ஸ்ஃபோர்டில். 1830 வாக்கில் அங்கே மாணவர்கள், தங்களை எப்படியாவது பரீட்சையில் கரையேற்றிவிடும் தனிப்பாட ஆசிரியரைக் கேலியாக 'கோச்' என்றார்கள். ஏறி உட்கார்ந்தால் போதும், ஊர் போய்ச் சேரலாம்! விளையாட்டுக்கு இந்தச் சொல் வந்தது 1860கள் வாக்கில்தான். ஆக, நம்மூர் நீட் கோச்சிங் சென்டர்தான் இந்தச் சொல்லின் மூத்த பிள்ளை. மைதானத்துக் கோச் இளையவர்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இது வேலையின் பெயர் மட்டுமல்ல, பட்டமும்கூட. ஆட்டக்காரர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'கோச்' என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் என்பதுபோல் அது சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். அந்தப் பட்டத்தின் பெருமையையும் கேட்டையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டும் என்றால் கூடைப்பந்துக் கோச் பாப் நைட்.

1940இல் ஓஹையோவில் பிறந்தவர். 24 வயதில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் தலைமைக் கோச். 1971 முதல் 2000 வரை இந்தியானா பல்கலைக்கழகம்; 1976, 1981, 1987 என்று மூன்று தேசியப் பட்டங்கள். 1976இல் அவருடைய அணி 32 ஆட்டம் ஆடி 32இலும் வென்றது. ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அதற்குப் பிறகு எந்த அணியும் ஒரு தோல்வியும் இல்லாமல் பட்டம் வாங்கியதில்லை. மைக்கேல் ஜோர்டன் ஆடிய 1984 ஒலிம்பிக் தங்க அணிக்கும் இவர்தான் கோச்.

அவர் கற்றுக்கொடுத்த விதம் கவனிக்கத் தக்கது. இன்னார் இங்கே ஓடு, இன்னார் அங்கே நில் என்று மனப்பாட ஆட்டம் கிடையாது. எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறான், கூட்டாளிக்கு மறைப்புக் கொடுப்பதா, வெட்டி உள்ளே ஓடுவதா என்பதை ஆட்டக்காரனே அந்த நொடியில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 'மோஷன் அஃபென்ஸ்' என்று அதற்குப் பெயர். உடம்பு ஒரு பங்கு என்றால் மனசு நாலு பங்கு என்பது அவர் அடிக்கடி சொன்ன கணக்கு. இன்னொன்றும் சொல்வார்: ஜெயிக்கும் ஆசை எல்லாருக்கும் இருக்கிறது, ஜெயிப்பதற்காகத் தயாராகும் ஆசைதான் முக்கியம். இதை எந்தக் கோச்சிங் சென்டரும் சுவரில் எழுதிவைக்கலாம்.

வாய் சும்மா இருக்காது. பத்திரிகைக்காரர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. "எல்லாரும் இரண்டாம் வகுப்பில் எழுதக் கற்றுக்கொள்கிறோம், பெரும்பாலானோர் அதைவிடப் பெரிய வேலைக்குப் போய்விடுகிறோம்" என்றார். எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அடி சரியான இடத்தில்தான் விழுகிறது. 1981இல் பரம வைரியான பர்டியூ பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநரைத் தன் டிவி நிகழ்ச்சிக்கு அழைத்தார். அவர் வரவில்லை. பதிலுக்கு பர்டியூ தொப்பி மாட்டிய கழுதை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அதே பர்டியூவோடு 1985 பிப்ரவரி 23 அன்று நடந்த ஆட்டம்தான் அவரை ஊரறிய வைத்தது. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே நடுவரோடு தகராறு. எதிரணிக்காரர் யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் ஃப்ரீ த்ரோ போட நிற்கும்போது, பெஞ்சிலிருந்த சிவப்பு நாற்காலியைத் தூக்கித் தளத்தின் குறுக்கே வீசினார். அது சறுக்கிக்கொண்டே அந்தப் பக்கம் போனது. நைட் வெளியேற்றப்பட்டார். எதிரே ஒரு பாட்டி உட்கார இடமில்லாமல் நின்றார், அவருக்காகத்தான் போட்டேன் என்று பின்னாளில் இவரே ஜோக் அடித்தார்.

இதுவரை சிரிக்கலாம். 1988இல் ஒரு டிவி பேட்டியில் பாலியல் வன்முறையைப் பற்றி அவர் சொன்ன வார்த்தையைச் சிரித்து ஒதுக்க முடியாது. 1997 பயிற்சியின்போது ஓர் ஆட்டக்காரரின் கழுத்தில் அவர் கை இருந்ததைக் காட்டும் வீடியோ 2000இல் வெளிவந்தது. இனி ஒரு தவறும் பொறுக்க மாட்டோம் என்று பல்கலைக்கழகம் எச்சரித்தது. சில மாதங்களில், தன்னை மரியாதையில்லாமல் கூப்பிட்டான் என்று ஒரு மாணவனின் கையைப் பிடித்துக் கண்டித்த விவகாரம் கிளம்பியது. செப்டம்பரில் வேலை போனது. பிறகு டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மொத்தம் 902 வெற்றிகளோடு 2008இல் விலகினார். 2023 நவம்பர் 1 அன்று காலமானார்.

அவர் கைக்கு வந்த மாணவர்களில் பெரும்பாலோர் பட்டம் பெற்றுத்தான் வெளியேறினார்கள் என்பதை ஆதரவாளர்கள் இன்றும் சொல்வார்கள். உண்மைதான். 'அடியாத மாடு படியாது' என்று வளர்ந்த நமக்கு அந்த வாதம் சுலபமாக விளங்கும், அதுதான் பயமாகவும் இருக்கிறது. படித்த பையன் அடியால்தான் படித்தான் என்று யார் கண்டது?

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் 'பயிற்சியாளர்'. இலங்கையில் 'பயிற்றுவிப்பாளர்' என்பதையும் பார்க்கலாம். பயில் என்பது தான் செய்வது, பயிற்று என்பது பிறரைச் செய்யவைப்பது. பயிற்சி மருத்துவர் என்றால் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர் என்று ஆகிவிடுவதால், கற்றுக்கொடுப்பவருக்குப் 'பயிற்றுநர்' என்பதே என் தேர்வு. சுருக்கமாகவும் இருக்கிறது. ஜிம்மில் டம்பெல் தூக்கச் சொல்லித்தருபவருக்குப் பயிற்சியாளர் இருக்கட்டும்.

இதில் ஒரே குறை, யாரும் "பயிற்றுநரே!" என்று கூப்பிட மாட்டார்கள். களத்தில் அவர் 'சார்' அல்லது 'மாஸ்டர்'. சிலம்பத்துக்கும் குஸ்திக்கும் நம்மிடம் 'வாத்தியார்' இருக்கிறது, 'ஆசான்' இருக்கிறது. இரண்டும் வேலைப்பெயராகவும் விளிப்பெயராகவும் ஓடும். செய்தியில் 'பயிற்றுநர் பாப் நைட்' என்று எழுதலாம். அவரிடம் ஆடியவர் வாயில் வரும் 'கோச்' என்ற விளியை மொழிபெயர்க்கும்போது நான் 'வாத்தியாரே' என்றுதான் போடுவேன்.