பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை

காவேரிப்பட்டணம் சுற்றுவட்டாரத்தில் மாங்காய் அறுவடை தொடங்கிவிட்டால், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வங்கிப் பணியில் இருக்கும் எங்களிடம் ஒரே வகையான புகார் அடுத்தடுத்து வரும். பெங்களூரு வியாபாரி என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒருவர், தோட்டத்துக் காய்க்குச் சொன்ன விலையை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டு, முன்பணம் தருவதாகக் கூறி வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடை அனுப்பிவைக்கிறார். அதை ஸ்கேன் செய்தவுடன், பேசி முடித்த அதே 20,000 ரூபாய் திரையில் தெரிகிறது. எதிர்பார்த்த தொகை கண்ணில் பட்டுவிடுவதால், அதற்கு மேலே முன்பின் தெரியாத ஒருவரின் பெயர் இருப்பதையும் கீழே ‘பே’ என்ற பொத்தான் இருப்பதையும் பலர் கவனிப்பதில்லை. யுபிஐ இரகசிய எண்ணை (பின்) அழுத்திய நொடியில் பணம் கைவிட்டுப் போய்விடுகிறது. பேரமே பேசாத வியாபாரியிடம்தான் முதலில் சந்தேகம் வர வேண்டும் என்பது என் கருத்து.

யுபிஐ முறையில் உங்கள் கணக்குக்குப் பணம் வர, நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. இரகசிய எண்ணை அழுத்தவும் வேண்டியதில்லை. தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட்’ கோரிக்கைகள் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டன என்றாலும், கியூஆர் வழி அடைபடவில்லை. ‘பிஎம் கிசான்’, ‘போக்குவரத்து அபராதம்’ என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளையும், அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்புகளையும், தொடவே வேண்டாம். நிறுவி அனுமதி கொடுத்துவிட்டால், உங்களுக்கு வரும் ஓடிபியை அனுப்பியவர்களும் படித்துவிடுவார்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்க பிரவுசிங் சென்டருக்குச் செல்லும் இளைஞர்கள் குக்கீயைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். மின்னஞ்சலுக்குள் நுழைந்ததும், வந்திருப்பவர் இன்னார் என்று அடையாளம் காண அந்தத் தளம் பிரவுசரில் சேமித்துவைக்கும் சிறு தகவலே குக்கீ. அது காலாவதியாகும் வரை கடவுச்சொல் மறுபடி கேட்கப்படாது என்பதால், பிரவுசர் ஜன்னலை மட்டும் மூடிவிட்டு எழுந்து போனால், அடுத்து அமர்பவர் உங்கள் மின்னஞ்சலை அப்படியே திறக்கலாம். அதன் வழியாகப் பிற தளங்களின் கடவுச்சொற்களையும் மாற்றலாம். லாக் அவுட் செய்யாமல் இருக்கையை விட்டு எழாதீர்கள்.

பணம் போய்விட்டால், வீட்டில் திட்டுவார்களே என்று மறைப்பதுதான் பெரிய இழப்பு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிகளின்படி, தவறு உங்களுடையதாகவோ வங்கியுடையதாகவோ இல்லாமல் நடந்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் வங்கியிடம் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் ஒரு பகுதி சேரும். இரகசிய எண்ணை நீங்களே பகிர்ந்திருந்தால், தெரிவிக்கும் வரை போன தொகை உங்கள் பொறுப்பு, அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள்; மோசடிக்காரர் எடுத்துச் செலவழிப்பதற்குள், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை முடக்க முயல்வார்கள். பரிவர்த்தனை எண்ணைச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கியின் உதவி எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், அங்கே போலி எண்களும் இருக்கும். ஏடிஎம் அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணை இன்றே பாஸ்புக் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.