டிஎன்டி போட்டும் ஏன் கால் வருகிறது?

“டிஎன்டி போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் தினமும் லோன் வேணுமான்னு கேக்கிறாங்களே, எப்படி?” என்று, விளம்பர அழைப்புகளும் செய்திகளும் வேண்டாமென டிஎன்டியில் (‘டூ நாட் டிஸ்டர்ப்’) பதிந்துவைத்த ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கும் ஒரு கால். “சார், ப்ரீ-அப்ரூவ்டு...” சமையலறையில் குக்கர் விசில் அடிக்க, எழுந்து போக அதுவே சாக்காகிவிட்டது.

இந்தியாவில் இதற்கான விதிகளைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2007-லேயே கொண்டுவந்தது. இப்போது நடப்பில் இருப்பவை 2018 விதிகள். 1909-க்கு ‘ஸ்டார்ட் 0’ என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பினால் விளம்பரங்கள் எல்லாமே வேண்டாம் என்று பதிவாகும். ரியல் எஸ்டேட் மட்டும் வேண்டாம், சுற்றுலா வரட்டும் என்று பிரித்தும் சொல்லலாம். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பின்னால் இருக்கும் சல்லடை.

ஒரு வங்கி எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமென்றால், அனுப்புநர் பெயரை மட்டுமல்ல, வாசகத்தையே முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். “உங்கள் ஓடிபி ____. யாரிடமும் சொல்லாதீர்கள்” என்பது போல. மாறக்கூடியது அந்தக் காலியிடம் மட்டும். அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் கணினி இந்த அச்சோடு வைத்துப் பார்க்கும். பொருந்தாவிட்டால் செய்தி அங்கேயே நின்றுவிடும். விளம்பரம் என்றால் கூடுதலாக உங்கள் எண்ணையும் டிஎன்டி பட்டியலில் தேடும். 2021 மார்ச் 8-ஆம் தேதி இதை முழுமையாக இயக்கியபோது, வாசகங்களைச் சரியாகப் பதியாத நிறுவனங்களின் ஓடிபிகள்கூடச் சிக்கிக்கொண்டன. நாடு முழுக்கப் பணப் பரிவர்த்தனைகள் தடுமாற, மறுநாளே ட்ராய் ஒரு வாரத்துக்கு அதை நிறுத்தி வைத்தது. சல்லடை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி ஏது?

ஆனால் பேச்சை இப்படிச் சலிக்க முடியாது. போனை எடுக்கும்வரை வாசகமே இல்லையே! எண்ணை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அதனால்தான் விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்கள், வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600. பதிவு செய்த டெலிமார்க்கெட்டர் இந்த வழியாகத்தான் வர வேண்டும்; அவரது பட்டியலிலிருந்து உங்கள் எண்ணை முன்பே கழித்துவிடுவார்கள். சாதாரண பத்து இலக்க சிம்மில் கூப்பிடுபவரோ சல்லடைப் பக்கமே வருவதில்லை. நம் வாசகரை அழைப்பவரும் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்தான். 2018-இல், இந்தப் பதிவுகளையெல்லாம் வைக்கப்போகும் ‘பிளாக்செயின்’ (பலரும் பகிர்ந்து வைத்திருக்கும், ரகசியமாகத் திருத்த முடியாத கணக்கேடு) என்ற சொல்லை மந்திரம் போலச் சொன்னார்கள். நல்ல கணக்குப் புத்தகம்தான், மறுக்கவில்லை. ஆனால் புத்தகத்தில் பெயரே எழுதாதவனை அது என்ன செய்யும்?

அந்த ஆட்களைப் பிடிக்க நம் புகார்தான் வழி. 2025 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு, டிஎன்டி போடாதவர்கள்கூட அவர்கள்மீது புகார் செய்யலாம். அழைப்பு வந்த ஏழு நாளுக்குள் செய்தால் போதும். முன்பு மூன்று நாள்தான். பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தால் அந்த எண்மீது நடவடிக்கை. முதல் முறை என்றால் 15 நாள் அவரால் யாரையும் அழைக்க முடியாது. மறுபடி மாட்டினால் ஓராண்டுக்கு இணைப்பே இல்லை.

குக்கரை இறக்கிவிட்டு நானும் 1909-க்குப் புகார் அனுப்பிவிட்டேன். என்னை அழைத்த எண்மீது என்னுடையது முதல் புகாரா, ஐந்தாவதா, தெரியாது.