உப்பைக் குறைத்தீர்கள், சரி. ஆப்ப சோடாவை?

"உப்பு சேர்க்கிறதே இல்லை மேடம்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வார்கள். வீங்கிய காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். வட சென்னையில் உணவு ஆலோசகராக இருக்கிற எனக்கு இது பழகிப்போன காட்சிதான். ஆனாலும் போன வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து வந்த இதய நோயாளி அம்மாவிடம் பொறுமை போய்விட்டது. கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை, அப்பளம் இல்லை. துருவித் துருவிக் கேட்டதும் மருமகள் சொன்னார்: "இட்லி மாவுல மட்டும் ஆப்ப சோடா கலப்பேன். அது கரிக்காதே?"

கரிக்காது. வம்பே அதுதான். கரிப்பு நாக்கோடு முடிகிற சமாசாரம். நாங்கள் குறைக்கச் சொல்வது சோடியத்தை. சமையல் உப்பு சோடியம் குளோரைடு, ஆப்ப சோடா சோடியம் பைகார்பனேட். ஒரு டீஸ்பூன் சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 2,000 மில்லிகிராம்தான். மாவு முழுவதையும் ஒருவரா சாப்பிடுகிறார் என்பீர்கள். இல்லைதான். ஆனால் அதே மாவில் உப்பும் இருக்கிறது, தொட்டுக்கொள்ள சாம்பாரும் சட்னியும் வேறு. ஈனோ கலந்தாலும் இதே கதை. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உண்மையில் இட்லிக்குச் சோடாவே வேண்டாம். மாவில் வளரும் லியூகோனாஸ்டாக் போன்ற நுண்ணுயிரிகள் புளிப்பையும் கார்பன் டை ஆக்சைடையும் தாமே உண்டாக்கும். உளுந்தின் வழவழப்பு அந்தக் காற்றைப் பிடித்துவைக்கும். சோடா போட்டால் முதலில் புளிப்பு முறியும். அளவு மிஞ்சினால் இட்லியில் மஞ்சள் திட்டுகள் தெரியும், வாயில் சோப்பு வாடை அடிக்கும். தயாமின் என்கிற பி1 வைட்டமினும் சோடாவின் காரத்தன்மையால் அழியும்.

மாவு பொங்கவில்லையா? புது உளுந்து வாங்குங்கள். உளுந்தைத் தனியாக ஊறவைத்து, கிரைண்டர் சூடேறாமல் ஐஸ் தண்ணீர் தெளித்து ஆட்டுங்கள். மே மாத வெயிலில் சீக்கிரம் பொங்கிவிடும். பொங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மார்கழியில் அடுப்பு மேடைப் பக்கமாக வைத்து இன்னும் சில மணி நேரம் பொறுங்கள், அவ்வளவுதான். புளித்துப்போனால் ஊத்தப்பம் ஊற்றுங்கள், சோடாவைத் தேடாதீர்கள். மாவு கடையில் வாங்குகிறவர்கள் சோடா கலக்கிறார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்குவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரக நோயாளிக்கு அது ஆபத்து.

இன்னொன்று. சிறுநீரக நோயாளிகள் சிலருக்கு டாக்டரே சோடா மாத்திரை எழுதித் தருவார். ரத்தத்தில் ஏறும் அமிலத்தைக் குறைக்க, அளவு பார்த்துத் தருவது அது. இதைப் படித்துவிட்டு தயவுசெய்து அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.