ரேண்டம் என்றால் ‘சீரற்ற’ அல்ல

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பிள்ளை முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார். தலைப்பு: பெரிய ரேண்டம் நெட்வொர்க்குகளுக்கான அல்காரிதங்கள், அதாவது தற்செயலாக இணைப்புகள் அமையும் வலைகளில் கணக்குத் தீர்க்கும் வழிமுறைகள். ஊர்ப் பாராட்டுக் கூட்ட அழைப்பிதழில் அது ‘சீரற்ற வலையமைப்புகள்’ ஆகிவிட்டது. எங்கே பார்த்தாலும் இந்தச் ‘சீரற்ற’தான். வானிலை சீரற்றது, இதயத்துடிப்பு சீரற்றது என்றால் கோளாறு என்று பொருள். ரேண்டம் கோளாறு அல்ல.

பழைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் கண்மண் தெரியாத ஓட்டம் என்று பொருள். ஆங்கிலத்தில் ‘குறியின்றி’ என்றாகி, கணிதத்தில் நிகழ்தகவுக்கு உட்பட்டது என்று நிலைத்தது.

முனைகள் எனப்படும் புள்ளிகளும் அவற்றுக்கிடையே இணைப்புகளும் கொண்ட வலையைக் கணிதத்தில் கோட்டுரு என்பார்கள். 1959இல் கணிதவியலாளர்கள் ஏர்டீஷும் ரேனியும், தனியே கில்பர்ட்டும், ரேண்டம் கோட்டுருக்களை ஆராய்ந்தார்கள். கில்பர்ட் முறையில் ஒவ்வொரு இரு முனைக்கும் இடையே நாணயம் சுண்டி இணைப்பா இல்லையா என்று முடிவாகும். முனைக்குச் சராசரி ஒரு இணைப்பைத் தாண்டியதும் ஒன்றோடொன்று தொடர்புள்ள முனைகளின் ஒரே ஒரு பெருந்திரள் உருவாகிவிடும். இப்படிக் கணக்கிட்டுச் சொல்லக்கூடியதைச் சீரற்றது என்பதா?

இன்னொன்று கேளுங்கள். எல்லா முனைக்கும் ஒரே எண்ணிக்கையில் இணைப்பு இருந்தால் அது ‘சீரான கோட்டுரு’. முனைக்கு மூன்று என்று வைத்துவிட்டு, யாரோடு யார் என்பதை மட்டும் குலுக்கிப் போடுவதும் உண்டு. பெரிதாக்கினால், பெரும்பாலான முனைகளின் அக்கம்பக்கம் கிளைவிடும் மரம் போலிருக்கும். அல்காரிதங்கள் அதைத்தான் பயன்படுத்திக்கொள்கின்றன. இதை என்னவென்று எழுதுவார்கள்? ‘சீரற்ற சீரான கோட்டுரு’ என்றா? மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் ஒரு சொல்லை எடுத்ததும் கிளம்பிவிடுகிறார்கள். அதே துறையில் பக்கத்துச் சொல் என்ன என்று பார்ப்பதே இல்லை.

தமிழ்நாட்டுப் பாடநூலின் ‘சமவாய்ப்பு’ இதைவிட மேல். ஆனால் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டியதில்லையே! இயற்பியலாளர்கள் பரபாசியும் ஆல்பர்ட்டும் 1999இல் சொன்ன வலையில், இணைப்பு அதிகமுள்ள முனைக்கே புது இணைப்பு கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

ரேண்டமை இலங்கைத் தமிழர் ‘எழுமாறு’ என்கிறார்கள். எழும் ஆறு, அதாவது எழுகிறபடி. ‘பின்வருமாறு’ போன்ற அமைப்பு. எழுமாற்று வலையமைப்பு, எழுமாற்றுச் சீர்க்கோட்டுரு: முரண் இல்லை. ‘இலங்கைச் சொல் நமக்குப் புரியாது’ என்பவர்கள் உண்டு. கடைத்தெருவில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசி வளரும் நம் பிள்ளைகள் ரேண்டமுக்கு மலையாளத்தில் சொல்லும் ‘யாத்ருச்சிகம்’ என்பதைப் புரிந்துகொள்கிறார்கள். எழுமாறு அதைவிடக் கடினமா?

‘குருட்டாம்போக்கு’ பேச்சுக்குச் சரி, ஆய்வுக்கு ஆகாது. குருட்டாம்போக்குக்கு அளவு கிடையாது. எழுமாற்று வலையில் ஒவ்வொரு இணைப்பின் வாய்ப்பும் அளந்து வைத்தது.