உடான் திட்டம்: மானியம் மூன்று வருடம், அப்புறம்?

சின்ன ஊர்களுக்கும் விமானம் போக வேண்டும் என்பதற்காக மத்திய அரசு நடத்தும் திட்டம் உடான். 2016-ல் வந்த தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கையில் இதற்கு வித்திட்டு, அதே ஆண்டு அக்டோபரில் திட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லா–டெல்லி தடத்தில் பறந்தது. ஓட்டியது அலையன்ஸ் ஏர். அப்போது அது ஏர் இந்தியாவின் துணை நிறுவனம்.

உடான் என்றதும் பலரும் கேட்பது டிக்கெட் விலையைத்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுமார் 500 கிலோமீட்டர், அதாவது ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்போடு திட்டம் ஆரம்பித்தது. தூரத்தைப் பொறுத்து இது மாறும். விலைவாசிக்கு ஏற்ப அவ்வப்போது ஏற்றுவார்கள். இந்தச் சலுகை எல்லா இருக்கைகளுக்கும் கிடையாது. விமானத்தின் பாதி இருக்கைகளுக்கு மட்டும்தான், அதிலும் குறைந்தது 9, அதிகபட்சம் 40 என்று கணக்கு. 70 பேர் உட்காரும் ஏடிஆர் (ஜெட் அல்லாத, சுழல் விசிறியுள்ள சிறிய ரகம்) விமானமென்றால் 35 இருக்கைகள் உச்சவரம்புக்குள் வரும். மற்ற 35 சந்தை விலைக்குப் போகும். வருமானச் சான்றிதழ், விண்ணப்பம் எதுவும் தேவையில்லை. யார் முன்னதாகப் பதிவு செய்கிறாரோ அவருக்குக் குறைந்த விலை டிக்கெட். கடைசி நேரத்தில் பார்த்துவிட்டு "உடான் என்றார்களே, இவ்வளவு விலையா?" என்று பலர் குழம்புவது இதனால்தான்.

சரி, அந்தப் பாதி இருக்கைகளால் வரும் நஷ்டத்தை யார் தாங்குவது? எந்தத் தடத்துக்கு எவ்வளவு மானியம் வேண்டும் என்று விமான நிறுவனங்கள் ஏலத்தில் கேட்கும். குறைவாகக் கேட்பவருக்குத் தடம் கிடைக்கும். மானியத்தில் 80 சதவீதம் மத்திய அரசு உருவாக்கிய நிதியிலிருந்தும், 20 சதவீதம் மாநில அரசிடமிருந்தும் வரும். வடகிழக்கு மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் 10 சதவீதம் கொடுத்தால் போதும். மத்திய நிதிக்கான பணம், முக்கியத் தடங்களில் கிளம்பும் விமானங்களிடம் வசூலிக்கும் கட்டணத்தில் சேர்கிறது. பெருநகரங்களுக்கு இடையே பறக்கிறவரின் டிக்கெட்டில்தான் அது கடைசியில் ஏறுகிறது. ஆக, சேலத்துக்கோ பீகாரின் தர்பங்காவுக்கோ பறக்கும் விமானத்துக்கு சென்னை–டெல்லி பயணியும் ஒரு பங்கு கொடுக்கிறார்.

மாநில அரசின் பொறுப்பு மானியத்தோடு முடிவதில்லை. இந்த விமான நிலையங்களில் எரிபொருளுக்கான வாட் வரியை 1 சதவீதமாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்க வேண்டும், போலீஸ் பாதுகாப்பும் தீயணைப்பும் இலவசமாகத் தர வேண்டும். விமான நிலைய ஆணையம் தன் பங்குக்கு இறங்கு கட்டணமும் நிறுத்துக் கட்டணமும் வாங்குவதில்லை.

ஆனால் மானியம் பொதுவாக மூன்று வருடத்துக்குத்தான். பெரும்பாலும் அந்த மூன்று வருடமும் அதே தடத்தில் வேறு நிறுவனம் வராமல் பாதுகாப்பும் உண்டு. அதற்குள் தடம் தன் காலில் நிற்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நின்றதா? தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை பதில் சொல்கிறது. முதல் மூன்று ஏலச் சுற்றுகளில் ஒதுக்கிய 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்று வருடத்தை முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை வெறும் 54.

இதைச் சேலத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் திறந்தது 1993-ல். சில காலம் விமானம் வந்தது, நின்றது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, 2011-ல் அதுவும் போனது. உடானில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறக்க ஆரம்பித்தது. 2021-ல் அதுவும் நிற்க, அடுத்த விமானத்துக்கு 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அலையன்ஸ் ஏர் பெங்களூரு, கொச்சிக்கும், இண்டிகோ சென்னை, ஹைதராபாத்துக்கும் சேவை தொடங்கின.

ஏற்காட்டில் விடுதி நடத்துகிறவரின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். ஹைதராபாத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஆள் வந்து இறங்குவார் என்றால் கூடுதலாக நாலு அறை கட்டலாம், விமான நேரத்துக்குக் கார் அனுப்ப ஓட்டுநர் வைக்கலாம், சமையலுக்கு இரண்டு பேரைச் சேர்க்கலாம். அந்தக் கடன் ஏழெட்டு வருடம் ஓடும். விமானம் மூன்றாவது வருடம் நின்றால் தவணையை யார் கட்டுவது? வெள்ளிக் கொலுசு வியாபாரிக்கும் ஜவ்வரிசி ஆலைக்காரருக்கும் இதே கதைதான். டிக்கெட் 500 ரூபாய் கூடினால் சமாளித்துக்கொள்வார்கள். போன வண்டி திரும்ப வருமா என்று தெரியாவிட்டால் எந்தத் தொழிலும் அதை நம்பி இறங்காது.

சேலத்தின் சிக்கல் ஓடுதளத்தில் இருக்கிறது. அதன் நீளம் சுமார் 1,800 மீட்டர். ஏடிஆருக்குப் போதும், முழு பாரத்தோடு பெரிய ஜெட் இறங்கி ஏற இது பத்தாது. நாட்டில் ஏடிஆர் வைத்திருக்கும் நிறுவனங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று நொடித்தால் மாற்று உடனே கிடைக்காது. நீட்டிக்க வேண்டுமென்றால் சுற்றுப்பட்டு கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் தேவை என்றார்கள். 2018-லேயே விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நின்று நின்று ஓடும் ஒரு சேவைக்காக விளைகிற பூமியைக் கொடுங்கள் என்றால் எப்படி மனது வரும்?

நன்றாக ஓடிய ஊர்களும் உண்டு. பீகாரில் தர்பங்கா விமானப்படைத் தளத்தில் 2020 நவம்பரில் பயணிகள் சேவை தொடங்கியது. அங்கே கூட்டம் ஏற்கனவே இருந்தது. டெல்லி, மும்பை, பெங்களூருவில் வேலை பார்க்கும் மிதிலைப் பகுதி மக்கள் அதுவரை பாட்னாவில் இறங்கி, சாலையில் மேலும் சில மணி நேரம் போக வேண்டியிருந்தது. முசாஃபர்பூர் லிச்சியும் தர்பங்காவிலிருந்து விமானம் ஏறியது. பறித்த இரண்டு மூன்று நாளில் தோல் நிறம் மாறிவிடும் பழம் அது. அதற்கு வேகம்தான் விலை. ஹம்பிக்கு 40 கிலோமீட்டர் அருகே உள்ள வித்யாநகருக்கும் உடானில் விமானம் விட்டார்கள். சுற்றுலாத் தலங்களுக்கென்று தனித் தடங்கள் மூன்றாவது சுற்றில் சேர்ந்தன, அதற்குச் சுற்றுலா அமைச்சகமும் பணம் போட்டது. ஆனால் சுற்றுலாக் கூட்டம் மட்டும் வருடம் முழுக்க விமானத்தை நிரப்பாது. குஜராத்தில் சபர்மதியிலிருந்து படேல் சிலை இருக்கும் கெவாடியாவுக்கு 2020 அக்டோபரில் விட்ட கடல் விமானம் அடுத்த வருடமே நின்றுபோனது.

அரசு விமான நிறுவனம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா வசம் போனது. அலையன்ஸ் ஏர் மட்டும் அரசிடம் தங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த சின்னஞ்சிறு டோர்னியர் விமானத்தை அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு ஓட்டத் தொடங்கியது. லாபம் பார்க்கிற தனியார் அங்கே எளிதில் வரமாட்டார். உடானுக்கு வெளியே இன்னோர் உதாரணம், சென்னை–யாழ்ப்பாணம். 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் தொடங்கியது, கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் அதே தடத்தில் இறங்கியது. அரசு நிறுவனம் முதலில் போய்க் கூட்டத்தைக் காட்டினால் தனியாரும் பின்னால் வருவார்கள்.

2025 பட்ஜெட்டில், 88 விமான நிலையங்களை இணைத்து 619 தடங்கள் செயல்பாட்டுக்கு வந்ததாகவும், 1.5 கோடிப் பேர் பறந்ததாகவும் அரசு சொன்னது. மாற்றியமைத்த உடானில் அடுத்த பத்து வருடத்தில் 120 புதிய ஊர்களையும் அறிவித்தார்கள். உங்கள் ஊர் அந்தப் பட்டியலுக்கு வந்தால் வணிகர் சங்கமும் விடுதிக்காரர்களும் சட்டமன்ற உறுப்பினரிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: வரப்போகும் விமானம் எந்த ரகம், அந்த நிறுவனம் நொடித்தால் அதே ரகத்தை இங்கே ஓட்ட இன்னொருவர் இருக்கிறாரா, மூன்று வருட மானியம் முடிந்த பிறகு தடத்தைத் தாங்க மாநில அரசு ஏதாவது செய்யுமா.