மீன் சாகவில்லை என்பதால் தண்ணீர் நல்லதாகிவிடாது

ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தால் உடனே ஆள் கூடிவிடுகிறது. தண்ணீர் மாதிரி எடுக்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், அறிக்கை வருகிறது. மீன்கள் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தால் அந்தத் தண்ணீர் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மீன்களின் இரத்தத்தையும் திசுக்களையும் சோதிப்பது என் வேலை. எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இரண்டாவது வகைத் தண்ணீர்தான். ஹார்மோனைக் குலைக்கும் மாசுகள் பெரும்பாலும் மீனைக் கொல்வதில்லை. மீன் இரை தின்னும், வளரும். இனம் பெருகுவது மட்டும் தடைபடும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் 2001 முதல் மூன்று ஆண்டுகள், கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனைக் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவுதான். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கான புரதம் உருவானது, விந்தகம் ஒழுங்காக வளரவில்லை, ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீன் அந்த ஏரியில் கிட்டத்தட்ட அற்றே போனது. 2007இல் இந்த முடிவுகள் வெளியாயின. மருந்து கலப்பதை நிறுத்திய பிறகு சில ஆண்டுகளில் மீன்கள் மீண்டு வந்தன என்பது ஆறுதலான செய்தி.

சரி, தண்ணீரில் அந்த வேதிப்பொருளை நேரடியாக அளந்துவிட்டால் போதாதா? போதாது. வழக்கமான கழிவுநீர்ச் சோதனைகள் இவ்வளவு நுண்ணிய அளவைத் தேடுவதே இல்லை. தேடினாலும், தெரிந்த பொருளைத்தான் தேட முடியும். மனித உடலிலிருந்து வெளியேறும் இயற்கைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், சிலவகை டிடெர்ஜென்ட்கள் சிதைந்து உண்டாகும் நோனைல்ஃபீனால், பிளாஸ்டிக்கிலிருந்து வரும் பிஸ்ஃபீனால் ஏ என்று பல பொருள்கள் ஒரே ஆற்றில் சேருகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்ப அளவாகத் தெரியலாம். எல்லாமே ஈஸ்ட்ரோஜன் போல ஒரே வேலையைச் செய்பவை என்பதால் அவற்றின் விளைவு மீனின் உடலில் கூடிக்கொண்டே போகும். அந்தக் கூட்டுத்தொகையை மீனிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்கும் வழிகளில் நான் முதலில் நம்புவது வைட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைத் தேடும் சோதனை. சினைப் பருவத்தில் பெண் மீனின் சூலகம் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் கல்லீரல் இந்தப் புரதத்தைத் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. அது சூலகத்துக்குப் போய் முட்டையின் மஞ்சள் கருவாகிறது. ஆண் மீனிடமும் இதற்கான மரபணு இருக்கிறது. தூண்டும் அளவுக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் அது சும்மா கிடக்கிறது. ஆண் மீனின் இரத்தத்தில் இந்தப் புரதம் ஏராளமாக இருந்தால், வெளியிலிருந்து ஏதோ வந்து கல்லீரலை ஏமாற்றியிருக்கிறது என்று அர்த்தம். இங்கிலாந்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் வெளியேற்று நீரில் ட்ரௌட் மீன்களைக் கூண்டில் வைத்துப் பார்த்த ஆய்வு 1994இல் வெளியானபோது உலகம் இதைக் கவனித்தது.

சோதனை எலைசா முறையில் நடக்கும், அதாவது இந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தைக் கொண்டு அதன் அளவைக் கண்டுபிடிப்போம். கஷ்டமெல்லாம் அதற்கு முன்னால்தான். வால் பகுதி இரத்த நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தை உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும். இந்தப் புரதம் சீக்கிரம் சிதையும். அதனால் சிதைவைத் தடுக்கும் மருந்து கலந்த குழாயில்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்மாவைப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்க வேண்டும், திரும்பத் திரும்ப உருக்கக் கூடாது. இதில் எங்காவது தவறினால் ‘பாதிப்பு இல்லை’ என்று பொய்யான முடிவு வரும், அதை நம்பி ஃபைலையும் மூடிவிடுவார்கள். அப்புறம், கெண்டைக்குத் தயாரித்த எதிர்ப்புரதம் கெளுத்திக்கு வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

காலத்தையும் ஓரளவு கணிக்கலாம். மாசு பட்டதும் கல்லீரலில் இந்த மரபணுவின் ஆர்.என்.ஏ. (புரதம் தயாரிக்க மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல்) வேகமாக ஏறும், மாசு விலகினால் வேகமாக இறங்கும். இரத்தத்திலுள்ள புரதம் வாரக்கணக்கில் தங்கும். இரண்டும் உயர்ந்திருந்தால் மாசு இப்போதும் வந்துகொண்டிருக்கிறது. புரதம் மட்டும் இருந்தால் கொஞ்ச நாள் முன்பு வந்து போயிருக்கிறது.

ஆனாலும் இது மீன்மேல் மாசு பட்டதற்கான சாட்சிதான். இனப்பெருக்கம் கெட்டதா என்பதற்கு விந்தகத்தைச் சீவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும். விந்தணுக்களுக்கு நடுவே இளம் முட்டைச் செல்கள் இருக்கின்றனவா என்று தேடுவோம். முன், நடு, பின் மூன்று பகுதியிலும் சீவல் எடுக்க வேண்டும், ஒரே சீவலில் தப்பிவிடும். 1998இல் வெளியான ஆய்வில், இங்கிலாந்தின் சில ஆறுகளில் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கீழே பிடித்த ரோச் இன ஆண் மீன்கள் அனைத்திலும் இருபால் தன்மை இருந்தது. ஒப்பீட்டுக்காக எடுத்த இடங்களிலும் சிறு விகிதம் காணப்பட்டது. அதனால்தான் மாசு படாத இடத்து மீனோடு ஒப்பிடாத எந்த அறிக்கையையும் நான் ஏற்பதில்லை. மீன் இனத்தின் இயல்பும் தெரிந்திருக்க வேண்டும். கொடுவா இயற்கையாகவே ஆணாக இருந்து பெண்ணாகும், களவா பெண்ணாக இருந்து ஆணாகும். மாறும் நிலையில் பிடித்த மீனைப் பார்த்து மாசின்மேல் பழி போட்டால் அறிவியல் தோற்றுவிடும்.

எதிர்த்திசையிலும் நடக்கும். ஃப்ளோரிடாவில் காகித ஆலைக் கழிவு கலந்த ஓடையில், கொசுமீன் இனத்துப் பெண் மீன்களுக்கு ஆண்களைப் போலக் குதத்துடுப்பு நீண்டிருந்தது 1980இல் பதிவாகியிருக்கிறது. அதைப் பார்க்கக் கண்ணே போதும். வலை வீசுபவர்கள் ‘குஞ்சுகளையே காணோம்’, ‘சினை பிடிப்பதில்லை’ என்று சொன்னால் அதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். எந்த இடத்தில் மாதிரி எடுப்பது என்று எங்களுக்கு அதிலிருந்துதான் தெரியும்.

‘அப்படியானால் இந்த மீனைச் சாப்பிடலாமா?’ என்று கேட்காதவர்களே இல்லை. இந்தச் சோதனைகள் அதற்குப் பதில் சொல்லாது. அதற்கு மீனின் சதையில் உள்ள வேதிப்பொருளைத் தனியே அளக்க வேண்டும்.

சுத்திகரிப்பை மேம்படுத்தினால் பலன் உண்டு. ஓசோன் வாயு, மாசை ஈர்த்துப் பிடிக்கும் கிளர்வுற்ற கரி இரண்டுமே ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள்களை நன்றாகக் குறைக்கும். அமெரிக்காவின் போல்டர் நகரில் நிலையத்தைப் புதுப்பிப்பதற்கு முன்பும் பின்பும் ஆண் மீன்களை அந்த நீரில் விட்டுச் சோதித்தார்கள். புதுப்பித்த பிறகு பாதிப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. உங்கள் பகுதியில் புது நிலையம் வருகிறது என்றால், அது ஓடத் தொடங்கும் முன்பே ஆற்று மீன்களின் இரத்தத்தை எடுத்துவைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஓடத் தொடங்கிய பிறகு, ஒப்பிடத் தேவையான அந்தப் பழைய இரத்த மாதிரி கிடைக்காது.