தலைக்கு 43 யூரோ: ஆட்கடத்தல் தடுப்பை யார் கண்காணிக்கிறார்கள்?

கிரீஸில் மனோலாடா என்ற ஊர் ஸ்ட்ராபெரி சாகுபடிக்குப் பேர்போனது. 2013 ஏப்ரல் 17 அன்று அங்கே வங்கதேசத் தொழிலாளர்கள் நூறு பேருக்கு மேல் திரண்டு, மாதக்கணக்கில் வராத கூலியைக் கேட்கப் போனார்கள். முதலாளியின் காவலாளி துப்பாக்கியால் சுட்டதில் 30 பேர் படுகாயமடைந்தார்கள்.

வேலைக்கு எடுத்தபோது சொன்னது ஏழு மணி நேர வேலை, நாளுக்கு 22 யூரோ. செய்ய வைத்ததோ காலை ஏழு மணி முதல் மாலை ஏழு மணி வரை, ஆயுதம் தாங்கிய ஆட்களின் காவலில். அட்டை, நைலான், மூங்கில் கொண்டு கட்டிய குடிசைகளில் தங்கினார்கள். கழிப்பறை கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. தொடர்ந்து வேலை பார்த்தால்தான் பாக்கி கிடைக்கும் என்று மிரட்டல் வேறு.

2014இல் பத்ராஸ் நீதிமன்றம் ஆட்கடத்தல் (ஏமாற்றியோ மிரட்டியோ ஆட்களைச் சுரண்டலில் சிக்க வைப்பது) குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் வெளியே போய்வர முடிந்ததே என்பது ஒரு காரணம். காயம் விளைவித்ததற்கும் துப்பாக்கியைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்தியதற்கும் மட்டும் தண்டனை. 35 பேருக்குச் சேர்த்து 1,500 யூரோ இழப்பீடு, அதாவது தலைக்கு 43 யூரோ.

ஆட்கடத்தலைத் தண்டிக்கும் சட்டம் அப்போதும் கிரீஸில் இருந்தது. புலம்பெயர் தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞராக நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: சட்டம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், பாதிக்கப்பட்டவர் கைக்கு என்ன வந்தது என்று கேளுங்கள்.

அப்படிக் கேட்கும் ஓர் அமைப்பு ஐரோப்பாவில் இருக்கிறது. ஐரோப்பிய கவுன்சில் (ஐரோப்பிய ஒன்றியம் வேறு, இது வேறு) 2005இல் வார்சாவில் கொண்டுவந்த ஆட்கடத்தல் தடுப்பு உடன்படிக்கை 2008இல் அமலுக்கு வந்தது. அதன்படி நாடுகள் நடக்கின்றனவா என்று பார்ப்பது 'கிரெட்டா' என்ற வல்லுநர் குழு. முதலில் அரசுக்குக் கேள்விப் பட்டியல் போகும். அப்புறம் குழுவே நேரில் வரும். அமைச்சகத்தோடு நிற்காமல் காப்பகங்கள், தொழிலாளர் ஆய்வாளர்கள், வழக்கறிஞர்கள், தொண்டு நிறுவனங்கள் எல்லோரிடமும் பேசும். அறிக்கை அரசின் பதிலோடு சேர்த்து வெளியிடப்படும். ஆட்கடத்தலுக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தமான பலெர்மோ நெறிமுறைக்கும் ஒரு மீளாய்வு முறை உண்டு. அங்கே ஒரு நாட்டை மற்ற நாடுகளே மதிப்பிடுகின்றன. நேரில் போவது அதன் வழக்கமான பகுதி அல்ல. அந்த வித்தியாசம் பெரியது.

அரசுகள் தரும் எண்களில் ஒன்றை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் படிப்பேன்: ஆட்கடத்தலால் பாதிக்கப்பட்டவர்கள் என்று அடையாளம் காணப்பட்டவர்களின் எண்ணிக்கை. அது குறைந்தால் குற்றம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தேடுவதையே நிறுத்தியிருக்கலாம், பண்ணைகளுக்கு ஆய்வாளர் போகாமல் இருந்திருக்கலாம். பாதிக்கப்பட்டவரே 'சட்டவிரோதக் குடியேறி' என்று பதிவாகி நாடு கடத்தப்பட்டிருக்கவும் கூடும். அதைத் தடுக்கத்தான், பாதிக்கப்பட்டவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே அவர் மீண்டு வந்து யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்குள் வெளியேற்றக் கூடாது என்கிறது உடன்படிக்கையின் 13ஆவது பிரிவு. எந்த நாட்டு அறிக்கையை எடுத்தாலும் நான் முதலில் புரட்டுவது அந்த அவகாசம் எத்தனை பேருக்குக் கிடைத்தது, இழப்பீடு எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற பக்கங்களைத்தான்.

மனோலாடா தொழிலாளர்கள் 42 பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2017 மார்ச் 30 அன்று அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நடமாட முடிந்தது என்பதாலேயே ஆட்கடத்தல் இல்லை என்றாகிவிடாது என்றார்கள் நீதிபதிகள். ஒவ்வொருவருக்கும் 12,000 அல்லது 16,000 யூரோ தரச் சொன்னார்கள்.

இப்படிப்பட்ட வேலையில் சிக்கியவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், முதலில் அவருடைய பாதுகாப்பைப் பாருங்கள். ஆபத்தில்லை என்றால் தினமும் வேலை பார்த்த நேரத்தை எழுதி வைக்கச் சொல்லுங்கள். தங்கிய இடத்தின் படம், சம்பளம் பற்றிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம். வழக்குக்கு இவை ஆதாரம். அவர் சம்மதித்தால், பெயரை நீக்கிவிட்டு அதே விவரத்தைத் தொண்டு நிறுவனம் வழியாகக் கண்காணிப்புக் குழுவுக்கும் அனுப்பலாம். தனிப்பட்ட வழக்குகளில் அந்தக் குழு தீர்ப்புச் சொல்லாது. ஆனால் அடுத்த முறை வரும்போது எந்தப் பண்ணைகளைப் பற்றி அரசிடம் கேட்க வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்கும்.